சேது நாட்டில் ஓர் ஆங்கிலப் பள்ளி

பாம்பன் பாலத்தைக் கடந்து இராமேசுவரம் நோக்கிச் செல்கின்ற சாலையில், தங்கச்சிமடத்தை எட்டுவதற்கு முன்னால் வந்து போகிற அக்காள்மடம், யாத்திரிகர்களில் பெரும்பாலோர் பெயர்ப் பலகையைக்கூடப் படிக்காமல் கடந்துவிடுகிற ஊர். இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளின் காலத்தில் யாத்திரிகர் தங்கி இளைப்பாறுவதற்கென்று எழுந்த மடங்களின் பெயரைத் தாங்கி நிற்கும் இவ்விரண்டு ஊர்களிலும் கடலே ஜீவனோபாயம். அந்தக் கடலின் தயவை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, அதன் கோபத்தையும், எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு அந்நிய நாட்டுச் சிறையில் கிடக்கும் அவமானத்தையும், படகைப் பறிகொடுத்துவிட்டு வெறுங்கையோடு கரை திரும்பும் துயரத்தையும் ஒருங்கே அனுபவித்துவிட்ட தகப்பன்மார்களுக்கு, தம் பிள்ளைகளாவது இங்கிலீஷ் படித்துக் கரையிலேயே ஓர் உத்தியோகத்தில் அமர்ந்துவிட வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பே. ஆனால், ஆங்கிலக் கல்வி என்பது மெட்ரிகுலேஷன் பள்ளிகளின் வேன்களில் ஏறி நேற்றைக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்த சரக்கு என்று அவர்களும் நினைக்கிறார்கள், நாமும் நினைக்கிறோம். அக்காள்மடத்திலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தூரத்திலுள்ள இராமநாதபுரத்தில், நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பிப்பதற்கென்றே ஒரு கிறிஸ்தவப் பாதிரியாரின் முயற்சியால் 1785ஆம் ஆண்டிலேயே ஒரு பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது என்ற செய்தி, அந்த ஜில்லாவிலேயே பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கும் தெரியாது.

அந்த வருஷத்தின் பொருளைக் கொஞ்சம் நிதானித்துப் பார்க்க வேண்டும். இந்தியாவில் ஆங்கிலக் கல்வியின் பிதா என்று புகழவும் இகழவும் படுகின்ற மெக்காலே தமது பிரசித்தி பெற்ற குறிப்பை எழுதியது 1835இல். அதற்குச் சரியாக ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே மறவர் சீமையில் இந்தக் காரியம் நடந்துவிட்டது. கல்கத்தாவில் ஹிந்து கல்லூரி தோன்றியது 1817இல். சென்னையில் பச்சையப்பர் தர்மத்தின் பள்ளி தோன்றியது 1842இல். செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்குள் 1715லேயே ஒரு தர்மப் பள்ளி இருந்தது உண்மைதான் என்றாலும், அது கோட்டைச் சிப்பாய்களின் பிள்ளைகளுக்காக ஏற்பட்டதேயன்றி, கறுப்பர் பட்டணத்தாருக்கோ பாளையக்காரர் சீமையாருக்கோ ஏற்பட்டதன்று. ஆகவே தஞ்சாவூர், இராமநாதபுரம், சிவகங்கை ஆகிய மூன்று இடங்களிலும் ஏறக்குறைய ஒரே காலத்தில் எழுந்த ஆங்கிலப் பள்ளிகளை, பரங்கிப் படிப்பை நம்மவர் பிள்ளைகளுக்கு முறையாகப் புகட்ட முனைந்த முதற்கட்ட முயற்சிகளில் வைத்து எண்ணுவது தவறாகாது.

யோசனை பாதிரியாருடையது மட்டுமன்று. தஞ்சாவூரில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் ரெசிடெண்டாக இருந்த ஜான் சலிவன் என்பவர் (உதகமண்டலத்தை உண்டாக்கிய கலெக்டர் சலிவன் வேறு, இவர் வேறு) தமது அன்றாட உத்தியோகத்தில் ஒரு பெரிய சங்கடத்தைக் கண்டார். அரசருக்கும் கும்பினிக்கும் இடையே, குடிகளுக்கும் வரி வசூலிப்பவருக்கும் இடையே, எந்தப் பேச்சு நடந்தாலும் அது துபாஷி என்ற மொழிபெயர்ப்பாளனின் வாயில் புகுந்துதான் வெளிவர வேண்டியிருந்தது. அவ்வாறு புகுந்து வெளிவரும்போது எது கூடியது, எது குறைந்தது, எவ்வளவு பணம் இடையில் கைமாறியது என்பதெல்லாம் துபாஷிக்கும் தெய்வத்துக்கும் மட்டுமே வெளிச்சம். ஒவ்வொரு சீமையிலும் ஓர் ஆங்கிலப் பள்ளியை வைத்து, உள்ளூர்ப் பிள்ளைகளுக்கே அந்தப் பாஷையைக் கற்பித்துவிட்டால் இந்த இடைத்தரகு ஒழியும் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கைக் காரியமாக்கக்கூடியவர் என்று அவர் தேர்ந்தெடுத்த மனிதர்தாம் கிறிஸ்டியன் பிரெடரிக் ஸ்வார்ட்ஸ். அரசர்களும் இதற்கு ஆதரவு தந்தார்கள் என்றே வரலாற்று நூல்கள் கூறுகின்றன. கும்பினியின் டைரெக்டர்களும் 1787இல் லண்டனிலிருந்து எழுதிய கடிதத்தில், இத்தகைய பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கு 250 வராகன் கொடுப்பதற்குச் சம்மதித்தார்கள்.

சேதுபதி சமஸ்தானத்தார் எதற்காக இதனை வரவேற்றார்கள் என்பதை நாம் ஊகித்துத்தான் அறிய வேண்டும். ஊகிப்பது கடினமும் அன்று. 1772இல் கும்பினிப் படையும் ஆற்காட்டு நவாபின் படையும் சேர்ந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்து, பாலனாயிருந்த முத்துராமலிங்க சேதுபதியைச் சிறைப்படுத்தி, சுமார் எட்டாண்டுகள் கழித்தே சீமையைத் திருப்பித் தந்திருந்தார்கள். அப்படிப்பட்ட எதிராளியின் கடிதத்தைத் தாமே வாசிக்க வகையில்லாமல் இன்னொருவன் வாசித்துச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பது எவ்வளவு அபாயம் என்பதை ஓர் அரசவைக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த முன்யோசனையும் பலிக்கவில்லை. பள்ளிக்கு வராகன் கொடுத்த அதே கும்பினி, பத்தாண்டுகளில், 1795இல், அதே சேதுபதியை மறுபடியும் பதவியிறக்கிச் சிறையிலிட்டது. 1809இல் சிறையிருப்பிலேயே அவர் உயிர் துறந்தார். தன் பாஷையைக் கற்றுக்கொள்ளும்படி உபசரித்துக்கொண்டே ராஜ்யத்தையும் எடுத்துக்கொள்வது கும்பினிக்கு ஒவ்வாத காரியமன்று.

இனி ஸ்வார்ட்ஸைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தப் பள்ளியின் விசேஷமெல்லாம் அவரிடமிருந்தே பிறக்கிறது. ஆங்கிலப் படிப்பை இராமநாதபுரத்துக்குக் கொண்டுவந்த அவர் ஆங்கிலேயரே அல்லர். 1726இல் பிரஷ்ய நாட்டின் ஸோனன்பர்க் என்ற ஊரில் பிறந்தவர். அனாதைக் குழந்தைகளுக்கான பள்ளிகளால் ஐரோப்பா முழுவதும் பெயர் பெற்றிருந்த ஹாலே நகரத்தில் படித்தவர். தரங்கம்பாடியிலும் சென்னையிலும் ஊழியம் செய்து திரும்பியிருந்த பெஞ்சமின் சூல்ட்சே என்ற முதிய பாதிரியாரிடம், அந்த ஹாலேயிலேயே, தமிழ் நாட்டைக் கண்ணால் காண்பதற்கு முன்பே தமிழ் கற்றவர். டேனிஷ் அரசரின் ஆதரவு பெற்ற மிஷனுக்காக 1750இல் தரங்கம்பாடி வந்து சேர்ந்து, பிறகு திருச்சிராப்பள்ளியில் பல ஆண்டுகளும் தஞ்சாவூரில் பல ஆண்டுகளும் வாழ்ந்து, சொந்த தேசத்துக்கு ஒரு முறையேனும் திரும்பாமல், விவாகமும் செய்துகொள்ளாமல், 1798இல் தஞ்சாவூரிலேயே காலமானார். தமிழோடு போர்த்துகீசியம், ஹிந்துஸ்தானி, பார்சி, மராத்தி முதலிய பாஷைகளிலும் பழக்கம் உண்டு. ஒரு ஜெர்மானியர், லண்டனிலிருந்த கிறிஸ்தவச் சங்கம் ஒன்றின் சம்பளத்தில், தமிழ்ச் சீமையில், நம்மவர்களுக்கு ஆங்கிலம் கற்பிக்க ஏற்பாடு செய்தார் என்றால், பிரிட்டிஷ் பாணிக் கல்வி என்று நாம் ஏகவசனத்தில் சொல்லிவிடுகிற வஸ்து எத்தனை கைகளைக் கடந்து வந்திருக்கிறது என்பது விளங்கும்.

அவருடைய சொல்லுக்கு இருந்த மதிப்பைக் காட்டுகின்ற சம்பவம் ஒன்று உண்டு. 1779இல் ஹைதர் அலியின் உள்ளக்கிடக்கையை அறிந்துவர யாரை அனுப்பலாம் என்று சென்னைக் கவர்னர் யோசித்தபோது, தேர்ந்த ராஜதந்திரி எவரையும் தேடாமல் ஸ்வார்ட்ஸையே ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அனுப்பினார். தூது பலிக்கவில்லை; மறு ஆண்டே யுத்தம் மூண்டது. ஆயினும் வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயைத் தமக்கென்று வைத்துக்கொள்ள மனமில்லாமல் சர்க்காரிடம் ஒப்புவிக்கப் போய், சர்க்கார் அதை வாங்க மறுக்கவே, தஞ்சாவூரில் ஆங்கில அனாதைப் பள்ளி ஒன்றுக்கு அதையே முதல் நிதியாக வைத்தார் அந்தப் பாதிரியார். ஆங்கிலேயரின் பரம வைரியான ஒரு முகம்மதிய சுல்தானின் பணம், ஜெர்மானியக் கையால், ஆங்கிலப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தது. இளம் சரபோஜி தஞ்சாவூர்ச் சிம்மாசனத்துக்கு உரியவனா என்ற வழக்கு எழுந்து, பிள்ளை அரண்மனைக்குள்ளேயே அடைபட்டுக் கிடந்தபோது, அவனை மீட்டுச் சென்னைக்கு அனுப்பிப் படிக்க வைத்ததிலும் இவருடைய பங்கு பெரிது. அந்தச் சரபோஜி, சரஸ்வதி மகாலைப் போற்றி வளர்த்த மன்னனாகிக் கடைசிவரை சைவ ஆசாரத்தை விடாமலும், கடைசிவரை பாதிரியாரைத் தகப்பன் என்று கருதுவதை விடாமலும் வாழ்ந்தான். லண்டனிலிருந்து பிளாக்ஸ்மன் என்ற சிற்பியைக் கொண்டு செதுக்குவித்த சலவைக்கல் சிற்பம், மரணப் படுக்கையில் கிடக்கும் குருவின் அருகே சீடன் நிற்கும் காட்சியாக, தஞ்சைக் கோட்டைத் தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது. அவருடைய இன்னொரு மாணவரான வேதநாயக சாஸ்திரியார் தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்துக்குப் பெத்லகேம் குறவஞ்சி பாடித் தந்தார் என்பதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளலாம்.

இராமநாதபுரத்திலும் மற்ற இரண்டிடங்களிலும் கற்பிக்கப்பட்டவை ஆங்கிலம், கணக்கு, தமிழ், ஹிந்துஸ்தானி, கிறிஸ்தவ சமய போதனை ஆகியவை. வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பிராமணரும் மற்ற மேல்ஜாதியாருமாக இருந்தார்கள். அவர்களை மதம் மாற்றுவதற்கு வஞ்சகமான உபாயம் எதுவும் கையாளப்படமாட்டாது என்று ஸ்வார்ட்ஸ் வெளிப்படையாகவே உறுதி கூறினார். சுவிசேஷத்தின் மேல் அவருக்கு இருந்த பற்று யாருக்கும் குறைந்ததன்று. பிள்ளைகள் அதை அறிய வேண்டும் என்று அவர் விரும்பாமலும் இல்லை. ஆனால் தகப்பனாரை ஏமாற்றிப் பிள்ளையைப் பிடிப்பது அவருடைய மனச்சாட்சிக்குச் சம்மதமாகவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் அவரைப் பின்பற்றினார்கள் என்று சொல்லத் துணியமாட்டேன்.

மேல்ஜாதிப் பிள்ளைகள் என்று சொன்னதிலேயே குறையும் வெளிப்பட்டுவிடுகிறது. பாம்பன் தீவிலும் மண்டபத்துக் கரையிலும் கிறிஸ்தவம் ஸ்வார்ட்ஸுக்கு இரண்டரை நூற்றாண்டு முந்தியது. முத்துக்குளித்துறைப் பரதவர் கத்தோலிக்கரானது 1530களில். மண்டபத்தை அடுத்த வேதாளையில், இராமேசுவர யாத்திரிகர்களிடம் போர்த்துகீசியர் சுங்கம் பிடுங்கியதால் மூண்ட கலகத்தில், அதற்குக் காரணமல்லாத அந்தோணி கிரிமினாலி என்ற சேசு சபைக் குருவானவர் 1549இலேயே வெட்டுண்டு மாய்ந்தார். அப்படி இருந்தும், கோட்டையை அண்டி எழுந்த ஆங்கிலப் பள்ளியின் திண்ணையில், கடற்கரைக் கிறிஸ்தவனின் பிள்ளைக்கு இடமிருக்கவில்லை. பாதிரியாரின் சமயம் அவனுக்குப் புதிதன்று. பாதிரியாரின் பள்ளிதான் அவனுக்கு எட்டாததாக இருந்தது. கச்சேரி உத்தியோகத்துக்கு ஆள் தயாரிப்பதற்காகக் கும்பினி பணம் கொடுத்தது. கச்சேரியில் யார் அமர்வது வழக்கமோ அவர்களின் பிள்ளைகளே படிக்க வந்தார்கள். அக்காள்மடத்து வலைக்காரன் மகன் அந்த வாசலை மிதிப்பதற்கு இன்னும் நூற்றாண்டுக்கு மேல் செல்ல வேண்டியிருந்தது.

அந்தக் காலத்திலேயே பிரிட்டிஷ் பாணி என்பது எதிர்த் திசையிலும் பிரயாணம் செய்துகொண்டிருந்தது என்பதை நம்முடைய கல்வி வரலாற்று நூல்கள் ஓரத்தில்தான் சொல்கின்றன. எழும்பூரில் இராணுவத்தாரின் அனாதைப் பிள்ளைகளுக்காக 1789இல் ஏற்பட்ட விடுதிப் பள்ளியைப் பொறுப்பேற்றிருந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காத்லாந்துப் பாதிரியார், போதுமான உபாத்தியாயர்கள் கிடைக்காமல் திண்டாடிய நாளில், நம்மூர்த் திண்ணைப் பள்ளி ஒன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டார். மூத்த பிள்ளையைச் சட்டாம்பிள்ளையாக வைத்து இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வைக்கும் முறையையும் தம் பள்ளியில் கைக்கொண்டார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் ஒரு நூலும் வெளியிட்டார். இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளில் ஆயிரக்கணக்கானோர் பிறகு எழுத்தறிந்தது இந்தச் சென்னை முறையினால்தான். பெல் விட்டுச்சென்ற சொத்தைக் கொண்டு ஸ்காத்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில் 1833இல் தொடங்கப்பட்ட பள்ளிக்கு மெட்ராஸ் கல்லூரி என்றே இன்றளவும் பெயர். நாம் இங்கிலீஷ் பள்ளி இங்கிலீஷ் பள்ளி என்று ஏங்கிக்கொண்டிருக்கிற வேளையில், இங்கிலீஷ்காரன் பிள்ளை நம் சட்டாம்பிள்ளையிடம் படித்துவிட்டுப் போயிருக்கிறான்.

இனி வேறொரு வகைக் கிறிஸ்தவப் பள்ளிகளும் நம் நாட்டில் ஏற்பட்டன. இங்கிலாந்துச் சீமையில் எட்டு வயது முதல் பதின்மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை ஈட்டன் போன்ற பெரிய பள்ளிகளுக்கு ஆயத்தம் செய்யும் சிறு பள்ளிகள் உண்டு; ஆயத்தப் பள்ளி என்றே அவற்றுக்குப் பெயர். சமவெளியின் வெயிலில் ஊழியம் செய்த மிஷனரிகளுக்கும் வெள்ளை உத்தியோகஸ்தர்களுக்கும், பிள்ளைகளைக் கப்பலேற்றிச் சீமைக்கு அனுப்பிவிட்டு வருஷக்கணக்கில் முகம் காணாதிருப்பதா, அல்லது மலைமேல் ஒரு சின்னச் சீமையை உண்டாக்கிக்கொள்வதா என்ற கேள்வி எழுந்தபோது, நீலகிரியும் கொடைக்கானலும் அதற்கு விடையாயின. குன்னூரில் 1899இல் தொடங்கி, இப்போது உதகமண்டலத்தில் நடைபெற்றுவரும் ஹெப்ரான் பள்ளி அவ்வகையைச் சேர்ந்தது. இன்றும் கிறிஸ்தவப் பின்னணியோடு பிரிட்டிஷ் பாடத்திட்டத்தையே பின்பற்றி, பிரிட்டிஷ் பரீட்சைகளுக்கே மாணவர்களைத் தயார் செய்கிறது. அந்தப் பள்ளிகளின் ஒழுங்கும் உபாத்தியாயர்களின் சிரத்தையும் மெச்சத்தக்கவை; ஆனால் அவை நாடு கடந்து வாழ்ந்த ஒரு சமூகம் தன் குழந்தைகளுக்காகத் தானே கட்டிக்கொண்ட வீடுகள். மலைக்குக் கீழேயுள்ள ஊரின் பேச்சு அவற்றின் சுவருக்குள் புகவேண்டிய அவசியம் நெடுங்காலம் ஏற்படவேயில்லை.

கடலுக்கு அப்பால் இலங்கையில் இந்தக் குறையை உணர்ந்த ஒரு ஸ்காத்லாந்துக்காரர் இருந்தார். கண்டி டிரினிட்டிக் கல்லூரியின் தலைவராக 1904 முதல் 1924 வரை இருந்த ஏ. ஜி. பிரேசர், சீமைப் பள்ளியின் விளையாட்டையும் கட்டுப்பாட்டையும் அப்படியே வைத்துக்கொண்டு, சிங்களமும் தமிழும் அறியாத பிள்ளை தன் ஜனங்களுக்கு எப்படி உதவுவான் என்று கேட்டுத் தாய்மொழிப் பாடத்தை வற்புறுத்தினார். அன்றைய யாழ்ப்பாணத்துப் பெற்றோரிலும் கொழும்புப் பெற்றோரிலும் இதை விரும்பாதவர்களே அதிகம். காசு கொடுத்து அனுப்புவது இங்கிலீஷுக்காக, வீட்டில் தெரிந்த பாஷையைப் படிக்கவா என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை இன்று தங்கச்சிமடத்திலும் கேட்கலாம். ஹாலேயில் தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்த ஸ்வார்ட்ஸ் இதற்கு விடை சொல்லாமலே செய்துகாட்டியிருந்தார்: இராமநாதபுரத்துப் பாடத்திட்டத்தில் ஆங்கிலத்துக்குப் பக்கத்திலேயே தமிழும் அமர்ந்திருந்தது.

நூறாண்டு கழிந்தபின் கிடைக்கும் காட்சி ஒன்று எனக்கு மிகவும் பிரியமானது. 1897ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் தேதி, மேல்நாட்டுத் திக்விஜயம் முடித்து, கொழும்பு வழியாக யாழ்ப்பாணத்திலிருந்து கடல் கடந்து வந்த சுவாமி விவேகானந்தர் பாம்பன் கரையில் இறங்கினார். அவரைச் சிகாகோவுக்கு அனுப்புவதில் முன்நின்றவரும், ஆங்கிலக் கல்வியில் தேர்ந்தவருமான பாஸ்கர சேதுபதி எதிர்கொண்டு அழைத்தார். அங்கிருந்து இராமேசுவரமும், பின்பு இராமநாதபுரமும் சென்றபோது, தலைநகரில் அவர் பிரசங்கம் செய்வதற்கு இடம் தந்தவர்கள் கிறிஸ்தவ மிஷன் பள்ளியார். சர்வமத மகாசபையில் ஹிந்து தர்மத்தின் கொடியை நாட்டி வந்தவருக்குத் தம் பள்ளி மண்டபத்தைத் திறந்துவிட்ட அந்த மிஷனரிகளின் பெருந்தன்மையை, ஸ்வார்ட்ஸ் கண்டிருந்தால் வியந்திருக்க மாட்டார்.

ஸ்வார்ட்ஸின் பெயரைத் தாங்கிய இராமநாதபுரத்துப் பள்ளி இன்று தென்னிந்தியத் திருச்சபையின் மதுரை–ராமநாதபுரம் பேராயத்தைச் சார்ந்தது. உலகம் அதன் பெயரைக் கேள்விப்பட்டது 1940களில் அங்கே வந்து சேர்ந்த ஓர் இராமேசுவரத்துப் படகுக்காரர் மகனால். அப்துல் கலாம் தமது சுயசரிதையில் அந்தப் பள்ளியைப் பற்றி எழுதியிருப்பவற்றில் சீமைப் பாணி எதுவும் கண்ணில் படுவதில்லை, மனிதர்கள் படுகிறார்கள். வேறொரு வகுப்பில் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தபோது தெரியாமல் நுழைந்துவிட்டதற்காக, ராமகிருஷ்ண ஐயர் என்ற உபாத்தியாயர் அவரை எல்லோர் முன்னிலையிலும் பிரம்பால் விளாசினார். பல மாதங்கள் கழித்துக் கணக்கில் முழு மதிப்பெண் வாங்கியபோது, காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அவரே அந்தச் சம்பவத்தை எடுத்துச் சொல்லி, தன்னிடம் அடிபட்டவன் பெரிய ஆளாவான் என்று பெருமைப்பட்டார். அய்யாத்துரை சாலமன் என்ற மற்றொரு உபாத்தியாயர், ஆசையும் நம்பிக்கையும் எதிர்பார்ப்பும் ஒருவனை எவ்வளவு தூரம் உயர்த்தும் என்பதைச் சொல்லிச் சொல்லி அந்தப் பிள்ளையின் மனத்தை நிமிர்த்தினார். லூதரன் பாதிரியார் ஏற்படுத்திய கிறிஸ்தவப் பள்ளியில், பிராமண உபாத்தியாயரிடம் அடியும், கிறிஸ்தவ உபாத்தியாயரிடம் ஊக்கமும் பெற்று, ஒரு மரைக்காயர் வீட்டுப் பிள்ளை தேறினான். வாசல் திறக்க ஒன்றரை நூற்றாண்டு ஆயிற்று. திறந்தபின் உள்ளே வந்தவன் யார் என்பதைக் கும்பினியின் டைரெக்டர்கள் கனவிலும் கண்டிருக்க மாட்டார்கள்.

அந்தப் பிள்ளைக்கு இராமநாதபுரம் ஆரம்பத்தில் பிடிக்கவேயில்லை. வீட்டு ஏக்கம், முக்கியமாக, பன்னிரண்டு விதமாகத் தாயார் செய்து கொடுக்கும் போளியின் ஏக்கம். கிடைத்த விடுமுறைக்கெல்லாம் தீவுக்கு ஓடிவிடத் துடித்ததை அவரே எழுதியிருக்கிறார். அக்காலத்தில் அது சுலபமான ஓட்டமன்று. 1914இல் திறந்த ரயில் பாலம் ஒன்றே தீவையும் நாட்டையும் இணைத்தது. ரயிலைத் தவறவிட்டால் படகைத்தான் தேட வேண்டும். ஆகையினால் இராமேசுவரமோ தங்கச்சிமடமோ அக்காள்மடமோ, எந்தத் தீவுப் பிள்ளையும் உயர்நிலைப் படிப்புக்கு இராமநாதபுரம் வருவதென்றால் வீட்டை விட்டுத் தங்கிப் படிப்பது என்றே பொருள். சீமையில் பணக்காரர் பிள்ளைக்கு வழக்கத்தினால் வாய்த்த விடுதி வாசம், இங்கே ஏழைப் பிள்ளைக்குப் பூகோளத்தினால் வாய்த்தது. 1988இல் சாலைப் பாலம் திறந்த பிறகு அந்த நிர்ப்பந்தம் தீர்ந்துவிட்டது. இப்போது அக்காள்மடத்தில் காலைப் பேருந்து ஏறுகிற பிள்ளை, பாம்பன் கால்வாயை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு போய், பள்ளி முடிந்து இருட்டுவதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடலாம். போளியும் ஆறியிருக்காது.